கேட்டுக் கொடுக்கும் மின்சாரம்

பேருந்து நிலையத் தூணிலோ கல்யாண மண்டப வாசலிலோ மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராவை ஒருமுறை நின்று பாருங்கள். அதன் முதுகிலிருந்து ஒரே ஒரு கம்பி இறங்கும். சுண்டுவிரலைவிட மெல்லிய கம்பி. பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்காது, அடாப்டரும் தொங்காது. ஆனாலும் கேமரா விழித்திருக்கிறது. இருட்டினால் முகத்தில் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் ஏற்றிக்கொள்கிறது. பார்த்ததையெல்லாம் எங்கோ ஓர் அறையிலுள்ள திரைக்கு அனுப்புகிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்கு கேமரா, இரண்டு வைஃபை பெட்டி, தலைமையாசிரியர் அறைக்கு ஒரு தொலைபேசி ஆகியவற்றை இணைக்கும் வேலையில் உதவப் போயிருந்தேன். முப்பது ஆண்டுகளாக வயரிங் செய்துவரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் ஏணியில் நின்றபடி கேட்டார்: “கேமராவுக்குக் கரன்ட் எங்கேர்ந்து சார் வருது?” அந்த ஒரே கம்பியிலேயே வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அதே ஓட்டையில லேப்டாப்பச் செருகினா புகைஞ்சிடாதா?” என்றார்.

முதல் கேள்வி எல்லோருக்கும் தோன்றுவது. இரண்டாவது கேள்வி அதைவிட ஆழமானது. இந்தத் தொழில்நுட்பத்தை வடிவமைத்த பொறியாளர்களும் மின்சாரத்தை அனுப்பும் வழியைப் போலவே, யாருக்கு அனுப்பக்கூடாது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் விடை தேடி, அந்தப் பள்ளியில் இந்தக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டியான எட்டு போர்ட் சுவிட்சை இந்த அத்தியாயத்தில் திறந்து பார்ப்போம்.

கரன்ட் போனாலும் மணியடித்த தொலைபேசி

வீட்டில் பழைய கம்பித் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஊரே இருண்டு கிடக்கும் மின்வெட்டிலும் அது மணியடிக்கும். அதை யாரும் பிளக்கில் செருகியதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் பேச்சு வரும் அதே இரண்டு கம்பிகளில், தொலைபேசி நிலையத்தின் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட்டில் வந்துகொண்டிருந்தது. நிலையத்துப் பேட்டரி உயிரோடிருக்கும்வரை ஊரின் எல்லாத் தொலைபேசிகளும் உயிரோடிருந்தன.

கணினிகளை இணைக்கும் கம்பிக்கு இந்த வசதி வெகுகாலம் இல்லை. அலுவலகங்களுக்குக் கணினிவழித் தொலைபேசி வந்தபோதுதான் குறை உறைத்தது. மேசைக்கு மேசை ஒரு அடாப்டர் தேவைப்பட்டது. மின்சாரம் போனால் தொலைபேசியும் ஊமையானது. பழைய தொலைபேசி செய்ததைப் புதியது செய்யவில்லை. 2003-இல் ஐ.ட்ரிபிள்-இ என்னும் உலகப் பொறியாளர் அமைப்பு இதற்கு ஒரு பொதுவிதி வகுத்தது. ‘பவர் ஓவர் ஈதர்நெட்’, சுருக்கமாக பி.ஓ.இ. என்று பெயர். கணினி வலைக்கான கம்பியிலேயே மின்சாரமும் போவதால் இதை ‘வலைக்கம்பி மின்சாரம்’ எனலாம்.

வோல்ட் அளவும் கிட்டத்தட்ட அந்தப் பழைய அளவுதான். விதி அனுமதிப்பது 44 முதல் 57 வரை. அதைவிடக் குறைத்தால் மெல்லிய கம்பியில் தூரம் போகாது. மிகவும் கூட்டினால் தொட்டவர்க்கு ஆபத்து. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதைப் பாதுகாப்பான தாழ்மின்னழுத்தமாக எண்ணுவது பொறியியல் வழக்கம். அந்த வேலிக்குள் முடிந்தவரை உயரத்தில் நிற்கிறது இந்த அளவு.

தராசைத் தூக்கிப் பிடித்தால்

ஒரு வலைக்கம்பியின் மேலுறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிழைகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு துணை.

ஒரு ஜோடியில் சேதி எப்படிப் போகிறது? இரண்டு இழைகளுக்கும் நடுவிலுள்ள மின்னழுத்த *வித்தியாசம்*தான் சேதி. ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும். அந்தப்பக்கக் கருவி இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் படிக்கும்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளில் எது தாழ்ந்தது என்பதைத்தான் பார்க்கிறோம். கடைக்காரர் தராசை இடுப்பளவில் பிடித்தாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும், தட்டுகள் சொல்லும் கணக்கு மாறாது. வலைக்கம்பி மின்சாரம் செய்வதும் இதையே. ஒரு ஜோடியின் இரண்டு இழைகளையும் ஒன்றாகச் சேர்த்து உயர்த்திவிடுகிறது. இன்னொரு ஜோடியின் இரண்டு இழைகளையும் ஒன்றாகத் தாழ்த்தி வைக்கிறது. இரண்டு தராசுகளின் உயர வேறுபாடு மின்சாரம். ஒவ்வொரு தராசுக்குள்ளும் தட்டுகளின் ஆட்டம் சேதி. ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்வதில்லை.

இதைச் செய்து கொடுப்பது போர்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கடுகளவு மின்மாற்றிகள். அவற்றின் சுருளுக்கு நடுப்புள்ளியில் மின்சாரத்தை ஊட்டினால் அது இரண்டு இழைகளுக்கும் சமமாகப் பிரிந்து போகும். மறுமுனையில் அதேபோல் நடுப்புள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த மின்மாற்றிகள் வலைக்கம்பியில் முன்பே இருந்தவை. இருந்த கட்டிடத்தை இடிக்காமல் ஒரு மாடி எழுப்பியதுபோல, பழைய அமைப்பின் மேலேயே புதியதை ஏற்றிவிட்டார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த சாமர்த்தியம் இது.

முதலில் ஒரு கேள்வி

இப்போது எலக்ட்ரீஷியன் அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். லேப்டாப் ஏன் புகையவில்லை?

வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் யாரையும் எதுவும் கேட்பதில்லை. 230 வோல்ட் எப்போதும் வாசலில் நிற்கிறது. சுவிட்சின் போர்ட் அப்படி இல்லை. கம்பி செருகாத போர்ட்டில் 48 வோல்ட் காத்திருப்பதில்லை. அவ்வப்போது சின்னதாக ஒரு தட்டல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சுமார் 3 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்குள் மெல்லிய அழுத்தம் ஒன்றைக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளக்கிறது.

வலைக்கம்பி மின்சாரத்தை ஏற்கும் கருவி ஒவ்வொன்றிலும் 25,000 ஓம் தடை ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுதான் அடையாளச் சீட்டு. சுவிட்ச் ஒரு தட்டலோடு நம்பிவிடாது. ஒரு வோல்ட்டாவது இடைவெளி விட்டு வேறோர் அழுத்தத்தில் மறுபடி தட்டும். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு, அந்தத் தடை உண்மையிலேயே 25,000 ஓமை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கும். சாதாரண லேப்டாப்பில் அந்தச் சீட்டு கிடையாது. அதனால் தட்டலுக்கு எதிர்பார்த்த விடை வராது. சுவிட்ச் சேதியை மட்டும் பரிமாறிக்கொண்டு, மின்சாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

சீட்டு சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: உனக்கு எவ்வளவு வேண்டும்? இம்முறை 15.5-லிருந்து 20.5 வோல்ட்டுக்குள் ஓர் அழுத்தம். கருவி இழுக்கும் மின்னோட்டத்தின் அளவே விடை. 10 மில்லியாம்பியரை ஒட்டி இழுத்தால் முதல் வகுப்பு. சுவிட்ச் 4 வாட் ஒதுக்கும். 18-ஐ ஒட்டினால் இரண்டாம் வகுப்பு, 7 வாட். 28-ஐ ஒட்டினால் மூன்றாம் வகுப்பு, 15.4 வாட். 40 என்றால் நான்காம் வகுப்பு, 30 வாட். இந்த நான்காம் வகுப்பு 2009-இல் விரிவாக்கிய விதியில்தான் முழு உயிர்பெற்றது. 2018-இல் வந்த விதி நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை போய்விட்டது.

இவ்வளவு கேட்ட பிறகே முழு அழுத்தம் போர்ட்டுக்கு வரும். வந்த பிறகும் கவனம் தளர்வதில்லை. கருவி இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 10 மில்லியாம்பியருக்குக் கீழே விழுந்து அரை விநாடிகூட ஆகவிடாமல், யாரோ கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவுசெய்து மின்சாரத்தை நிறுத்திவிடும். கேமராவைக் கழற்றிய கையோடு அதே கம்பியில் லேப்டாப்பைச் செருகினாலும் ஆபத்தில்லாமல் போவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில மின்னூட்டிப் பெட்டிகள் கேட்காமலே கொடுப்பவை. 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ, செருகிய கணமே தள்ளிவிடும். அந்தக் கம்பி தவறான கருவிக்குப் போனால் அண்ணன் பயந்தது நடக்கும். வாங்கும்போது பெட்டியில் 802.3 என்ற எண்ணும் அதன் பின்னால் ஏ.எஃப், ஏ.டி, பி.டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எழுத்துகள் இருந்தால் கேட்டுக் கொடுக்கும் பெட்டி.

கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேரும்

ஆற்றுநீரை நம்பி விவசாயம் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வருவதில்லை. வாய்க்கால் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் இழப்பு கூடும். கம்பியிலும் அதே கதை. இங்கே இழப்பு வெப்பமாகப் போகிறது.

மூன்றாம் வகுப்புக் கருவிக்குச் சுவிட்ச் 15.4 வாட் ஒதுக்குகிறது என்றோம். ஆனால் கருவியின் கையேட்டில் 12.95 வாட் என்று போட்டிருக்கும். மீதி எங்கே? விதி எழுதியவர்கள் மிக மோசமான நிலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சுவிட்ச் குறைந்தபட்ச அழுத்தமான 44 வோல்ட்டைத்தான் கொடுக்கிறது. கம்பி முழு 100 மீட்டர், அதுவும் பழைய தரம். போய்த் திரும்பும் பாதையின் தடை 20 ஓம். ஓட்டம் 0.35 ஆம்பியர். புறப்படும்போது 44-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 15.4 வாட். வழியில் 20 ஓம் தடை 7 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. போய்ச் சேருவது 37 வோல்ட். அதை 0.35-ஆல் பெருக்குங்கள். 12.95 வாட் வரும். காணாமல் போன இரண்டரை வாட் நூறு மீட்டர் நெடுகக் கம்பியைச் சூடாக்கியிருக்கிறது.

இந்தக் கணக்கில் ‘செம்புக் கம்பி’ என்ற நிபந்தனை ஒன்று சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. நம் சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வலைக்கம்பி ஏராளம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதன் தடை செம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிளேடால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இந்த வெள்ளை, கதையின் கடைசியில் மறுபடி வரும்.

பெட்டியோடு முதல் பேச்சு

‘சுவிட்ச்’ என்றால் விளக்குப் போடும் பொத்தான் அல்ல. பல போர்ட்டுகள் கொண்ட பெட்டி. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்றுக்கொண்டு, சேதியை உரிய வாசலில் மட்டும் சேர்க்கும். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த முகவரி ஒன்று உண்டு. வரும் சேதியின் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, ‘இவர் மூன்றாம் வாசல்’ என்று குறித்துக்கொள்கிறது. நல்ல தபால்காரர் புதிய ஊரை இப்படித்தான் பழகுவார்.

இதை மட்டும் செய்யும் பெட்டி மலிவு. செருகினால் ஓடும், அதோடு சரி. ‘மேனேஜ்டு சுவிட்ச்’ என்பது நாம் சொல்வதைக் கேட்டு நடக்கும் சுவிட்ச். எந்தப் போர்ட்டுக்கு எத்தனை வாட், யார் யாரோடு பேசலாம், என்ன நடந்தது என்பதையெல்லாம் அதனிடம் சொல்லலாம், கேட்கலாம். அதற்குள்ளே சின்னக் கணினி ஒன்று இருக்கிறது. பிரவுசரில் அதன் எண்ணைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும்.

பள்ளிக்கு வாங்கியது எட்டு போர்ட், மொத்தம் 120 வாட் கொடுக்கக்கூடியது. அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தது. லேப்டாப்பை நேராகச் செருகி அந்த எண்ணைத் தட்டினால் பக்கம் வராது. பலரும் முதலில் திகைக்கும் இடம் இது. முகவரியின் முதல் மூன்று எண்களைத் தெருப் பெயராகவும் நான்காவதை வீட்டு எண்ணாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வேறு தெருவில் குடியிருக்கிறது. அதற்குக் கையால் அதே தெருவில் ஒரு காலி வீட்டு எண்ணைக் கொடுத்தால் கதவு திறக்கும்.

திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அந்தத் தாக்குதலில் ஏவப்பட்டவை பெரும்பாலும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களும் படப்பதிவுப் பெட்டிகளும்தான். ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அவற்றைக் கைப்பற்றியது. கதவை உடைக்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை.

அடுத்து மென்பொருளைப் புதுப்பித்தோம். பிறகு கடிகாரம். இவ்வகைச் சுவிட்சுகள் பலவற்றில் நேரத்தை நினைவில் வைக்கும் பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால் காலமே 1970 ஜனவரி 1 என்று தொடங்கும். இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேரச் சேவையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி அமைத்தோம். ஐந்து நிமிட வேலை. பலர் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: பல சுவிட்சுகளில் நாம் செய்யும் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும், ஆனால் நிலைத்துவிடாது. ‘சேவ்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த மின்வெட்டோடு அத்தனை உழைப்பும் கரைந்துபோகும். ஒருமுறை முழு நாள் வேலையை அப்படி இழந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அமைப்பை ஒரு கோப்பாகவும் எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எதைக் கடைசியில் செருகினாலும்

கேமராக்களை ஒன்று முதல் நான்கு வரை, வைஃபை பெட்டிகளை ஐந்திலும் ஆறிலும், தொலைபேசியை ஏழில், இணையத்துக்குப் போகும் கம்பியை எட்டில் என்று வரிசையாகச் செருகினோம். ஐந்து எரிந்தது, ஆறு எரியவில்லை, ஏழு எரிந்தது.

“மாடி வைஃபை போயிடுச்சு சார், மாத்தித் தரச் சொல்லணும்,” என்றார் அண்ணன். கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தோம். முதலில் எரியாத பெட்டி இப்போது எரிந்தது, முதலில் எரிந்தது அணைந்து கிடந்தது. இரண்டில் எதைப் பின்னால் செருகினாலும் அது எரிய மறுத்தது. பழுதான பெட்டி இப்படி நடந்துகொள்ளாது.

சுவிட்சின் பக்கத்தைத் திறந்து கணக்கைப் பார்த்தோம். கேமராக்கள் தங்களை மூன்றாம் வகுப்பு என்று சொல்லியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் 15.4 வீதம் நான்குக்கு 61.6 வாட். வைஃபை பெட்டிகள் நான்காம் வகுப்பு, தலைக்கு 30 வாட். முதல் பெட்டியோடு சேர்த்து 91.6. இரண்டாவதையும் சேர்த்தால் 121.6. கையிருப்பு 120. ஒன்றரை வாட் போதாமல் சுவிட்ச் மறுத்துவிட்டது. பின்னால் வந்த தொலைபேசி இரண்டாம் வகுப்பு. அது கேட்ட 7 வாட்டுக்கு இடமிருந்ததால் எரிந்தது. பந்தியில் நான்கு பேர் குடும்பத்துக்கு இலை போதாமல் நிறுத்திவைத்துவிட்டு, தனியாக வந்தவரை இருக்கிற ஓர் இலையில் உட்கார வைப்பதுபோல.

ஆனால் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்? அதையும் அதே பக்கம் காட்டியது. கேமரா ஒன்று பகலில் 5 வாட். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 9 வரை போகும் என்று கையேடு சொன்னது. வைஃபை பெட்டி 13-ஐ ஒட்டி. தொலைபேசி 3. இரவிலும் மொத்தம் 65 வாட்தான். வகுப்பை நம்பி ஒதுக்கியது 120-ஐத் தாண்ட, தேவையோ அதில் பாதியை ஒட்டி நிற்கிறது.

இங்கே இரண்டு வழி. உண்மையான பயன்பாட்டின்படி ஒதுக்கு என்று சுவிட்சிடம் சொல்லிவிடலாம். அல்லது ஒவ்வொரு போர்ட்டுக்கும் நாமே உச்சவரம்பு வைக்கலாம். இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன். பயன்பாட்டின்படி என்றால் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும் அபூர்வ கணத்துக்கு உத்தரவாதம் இல்லை. கேமராவுக்கு 11, வைஃபைக்கு 20, தொலைபேசிக்கு 7 என்று, வழியில் போகும் இழப்புக்கும் இடம் விட்டு வரம்பு வைத்தோம். கூட்டினால் 91 வாட். நாளை இன்னொரு கேமரா வந்தாலும் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை.

பிறகு முன்னுரிமை. பற்றாக்குறை வந்தால் யாரை முதலில் அணைக்கலாம்? வாசல் கேமராவும் தொலைபேசியும் கடைசி வரை இருக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். மாடி வைஃபை முதலில் போகலாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவு தொழில்நுட்பம் அறிந்தவருடையதல்ல, இடத்தை அறிந்தவருடையது. அவரைக் கேட்காமல் அதை நிரப்பக்கூடாது.

சுவிட்சை ஒரு யு.பி.எஸ்-இல் சேர்த்தோம். மின்வெட்டில் ஒரே பேட்டரி ஏழு கருவிகளையும் தாங்கும். பழைய தொலைபேசி நிலையம் ஊருக்குச் செய்ததை இந்தப் பெட்டி பள்ளிக்குச் செய்கிறது.

ஒரே பெட்டி, மூன்று தெரு

இப்படியே விட்டால் மாணவர் ஒருவர் வைஃபையில் இணைந்து, கேமராவின் பக்கத்தையும் அலுவலகக் கணினியையும் தட்டிப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். மூன்று தனித்தனிச் சுவிட்சுகள் வாங்கினால் பிரிக்கலாம், செலவு மூன்று மடங்காகும். ஒரே பெட்டியை மூன்று பெட்டிகள் போல நடந்துகொள்ளச் சொல்வதற்குப் பெயர் வி.லேன். தமிழில் ‘மாயத் தெரு’ எனலாமா? கண்ணுக்குத் தெரியாத சுவர்களால் பிரிந்த தெருக்கள்.

சேதி ஒவ்வொன்றின் நெற்றியிலும் நான்கு பைட் நீளமுள்ள ஒரு பட்டையைச் சுவிட்ச் ஒட்டுகிறது. அதில் தெரு எண் இருக்கும். 4,094 எண்கள் வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் கேமராக்களுக்கு 10, அலுவலகத்துக்கு 20, மாணவர் வைஃபைக்கு 30 என்று வைத்தோம். பத்தாம் தெருச் சேதி முப்பதாம் தெரு வாசலுக்குப் போகாது.

போர்ட்டுகள் இருவகையாகின்றன. கேமரா போர்ட் ஒரே தெருவின் வாசல். கேமராவுக்குப் பட்டை பற்றித் தெரியவே வேண்டாம். உள்ளே வரும்போது சுவிட்ச் ஒட்டும், வெளியே போகும்போது உரித்துவிடும். வைஃபை பெட்டி அப்படி அல்ல. ஆசிரியர்களுக்கு ஒரு பெயர், மாணவர்களுக்கு ஒரு பெயர் என்று ஒரே பெட்டி இரண்டு வைஃபை தருகிறது. அதன் போர்ட் பல தெருக்கள் கூடும் முச்சந்தி. அங்கே பட்டையை உரிக்கக்கூடாது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் வி.லேன் பக்கத்திலுள்ள கட்டங்கள் மிரட்டுவதில்லை.

இந்த வேலையைச் செய்யும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் போர்ட்டைக் கடைசியில் தொடுங்கள். அதை முதலில் வேறு தெருவுக்கு மாற்றினால், நின்றுகொண்டிருக்கும் கிளையையே வெட்டியதாகிவிடும். பக்கம் உறைந்துபோகும், திரும்ப நுழைய வழியிருக்காது.

சுற்றிக்கொண்டே இருக்கும் சேதி

மேசையை ஒழுங்குபடுத்துகிறவர் தரையில் கிடக்கும் கம்பியின் இரண்டு முனைகளையும் அக்கறையோடு சுவிட்சிலேயே செருகிவிட்டால் என்னாகும்? எல்லோருக்குமான சேதி ஒன்று ஒரு போர்ட்டில் வெளியேறி இன்னொன்றில் உள்ளே வரும். மறுபடி எல்லோருக்கும் போகும், மறுபடி உள்ளே வரும். ஈதர்நெட் சேதியில் ‘இத்தனை முறைக்கு மேல் பயணிக்காதே’ என்ற கணக்கு கிடையாது. சில நொடிகளில் வலை முழுவதும் பழைய சேதிகளின் நகல்களால் நிரம்பி நின்றுவிடும்.

1985-இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் இதற்குத் தீர்வு கண்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் சின்னச் சேதிகள் பரிமாறி, வலையின் வரைபடத்தை ஒரு மரமாகச் சுருக்கிக்கொள்கின்றன. மரத்தில் கிளைகள் உண்டு, வளையம் கிடையாது. வளையத்தை உண்டாக்கும் போர்ட் தானாக மூடிக்கொள்ளும். நல்ல வழி அறுந்தால் மூடிய போர்ட் திறக்கும். இந்த வசதியை இயக்கி வைப்பது சுவிட்சின் பக்கத்தில் ஒரே ஒரு குறி. அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

மாலை ஆறே முக்கால்

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. சைக்கிள் ஸ்டாண்டு கேமரா பகலெல்லாம் சரியாக ஓடுகிறது, பொழுது சாய்ந்ததும் படம் அணைந்து அணைந்து வருகிறது, விடிந்தால் சரியாகிவிடுகிறது. காவலாளி பயந்துபோயிருந்தார்.

சுவிட்சின் நிகழ்வுக் குறிப்பேட்டைத் திறந்தோம். கடிகாரத்தைச் சரிசெய்து வைத்ததற்குப் பலன் இப்போது தெரிந்தது. மாலை 6.44-க்கு நான்காம் போர்ட் துண்டிப்பு. சில நொடியில் மின்சாரம் மீண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி துண்டிப்பு. விடியற்காலை வரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் அதே வரி. 1970 என்று அது காட்டியிருந்தால் பொழுது சாய்வதோடு இதை முடிச்சுப்போட்டிருக்கவே முடியாது.

இருட்டியதும் கேமரா விளக்குகளை ஏற்றுகிறது. தேவை 5 வாட்டிலிருந்து 9-க்குத் தாவுகிறது. ஓட்டம் கூட, கம்பியில் விழும் வோல்ட்டும் கூடுகிறது. கடைமடையில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தாலும் தனக்கு 9 வாட் வேண்டும் என்று கேமரா இன்னும் அதிக ஓட்டத்தை இழுக்கிறது. அதனால் வழியில் இன்னும் அதிகமாக விழுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் கேமரா அணைகிறது. இழுப்பு நின்றதைப் பார்த்துச் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்துகிறது. மறுபடி தட்டிப் பார்க்கிறது, சீட்டு சரியாக இருக்கிறது, கொடுக்கிறது. கேமரா விழித்துக்கொள்ள ஒரு நிமிடம். விழித்ததும் இருட்டைப் பார்த்து விளக்கை ஏற்றுகிறது. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு அங்கமும் தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டிருந்தது.

தூரம் எழுபது மீட்டர்தான். செம்புக் கம்பிக்கு அது ஒன்றுமில்லை. அண்ணன் ஏணியோடு கம்பியைத் தொடர்ந்து போனார். சைக்கிள் ஸ்டாண்டு தகரக் கூரைக்கு அடியில், முன்பு யாரோ போட்டிருந்த பழைய கம்பியோடு புதியதை முறுக்கி டேப் சுற்றியிருந்த ஓர் ஒட்டு கிடைத்தது. டேப்பைப் பிரித்தார். உள்ளே பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு. பழைய கம்பியின் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டி, வெயிலில் திருப்பிக் காட்டினார். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து உள்ளே வெள்ளை பளிச்சிட்டது.

“இது செம்பே இல்ல சார்,” என்றார். முலாம் பூசிய அலுமினியம் பாதித் தூரம், அரித்துப்போன ஒட்டு ஒன்று. பகலின் 5 வாட்டை எப்படியோ தாங்கிய வாய்க்கால் இரவின் 9 வாட்டுக்கு அடைத்துக்கொண்டது.

ஒட்டே இல்லாமல் முழு நீளத்துக்கும் செம்புக் கம்பி இழுத்து முடிக்க மாலையாகிவிட்டது. இரண்டு பேரும் தலைமையாசிரியர் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து நான்காம் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 5.1 என்று காட்டியது. வெளியே மங்கி வந்தது. 6.43-க்கு எண் நகர்ந்தது. 7.8. பிறகு 9.0. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார். ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தோம். எண் ஒன்பதை விட்டு அசையவில்லை.